1936இல் நடக்கும் கதைக்கு எங்கே தேடுவது?

சிங்கப்பூரில் தமிழில் துப்பறியும் கதையோ பேய்க்கதையோ எழுத நினைப்பவர்களுக்கு 1930கள் மேல் தனி ஈர்ப்பு உண்டு. எனக்கும் உண்டு. மார்க்கெட் ஸ்திரீட் செட்டியார் கிட்டங்கி (வட்டிக்கடை), தஞ்சோங் பகார் துறைமுகம், ரிக்‌ஷா, டிராலி பஸ், ராத்திரி நேரத்துச் சிராங்கூன் சாலை எல்லாம் கண்முன் வந்து நிற்கும். அப்புறம் முதல் பக்கத்திலேயே ஒரு போலீஸ்காரர் கதவைத் தட்டி, "வணக்கம், காவல் நிலையத்திலிருந்து வருகிறோம், உங்கள் ஒத்துழைப்பு தேவை" என்பார். அந்த ஒரு வாக்கியத்தோடு கதை இன்றைய தொலைக்காட்சி நாடகத்துக்குள் போய்விடும். அதற்குப் பிறகு எத்தனை ரிக்‌ஷா ஓடினாலும் வாசகர் திரும்பி வரமாட்டார்.

சரி, அந்தக் காலத்துப் பேச்சையும் பொருள்களையும் எங்கே தேடுவது? வேலை முடிந்து வந்து எழுதுகிறவர்களுக்கு வாரத்தில் கிடைப்பது இரண்டு மூன்று மாலைகள். நாளிதழ்கள், வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள், அகராதிகள், அந்தக் காலத்தவர்களே எழுதியவை, இன்று நம்மிடையே இருக்கும் பெரியவர்கள் என்று வழிகள் பல இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே அளவில் செய்ய நேரம் இருக்காது. எதை முதலில் எடுப்பது, எதை விடுவது என்ற முடிவுக்கு உதவவே இந்த ஒப்பீடு.

என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலத்து மொழி என்றதும் பழைய சொற்களைத் தேடிப்பிடித்துக் கதையில் தூவ வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். முதலில் செய்ய வேண்டியது களை எடுப்பது. அந்த ஆண்டில் பிறந்திராத சொல், கட்டப்பட்டிராத கட்டடம், நடைமுறைக்கு வராத வழக்கம் ஆகியவற்றை நீக்கினாலே கதையின் முக்கால்வாசி சரியாகிவிடும். பழைய சொல் ஒன்றிரண்டு போதும். ஆகவே ஒவ்வொரு வழியையும் "இது என் கதையிலிருந்து எதை நீக்கச் சொல்லும்?" என்று கேட்டுத்தான் எடைபோடுகிறேன். அப்படிப் பார்த்தால் 1930களின் கதைக்கு நாளிதழ் முதலில், ஒலிப்பதிவு இரண்டாவது. அகராதி எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

நாளிதழ்கள்

தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்க நாளிதழ்த் தொகுப்புதான் நமக்குக் கிடைத்திருக்கும் பெரிய வசதி. 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' 1845இல் தொடங்கியது. அதன் பழைய இதழ்களை வீட்டிலிருந்தே சொல் கொடுத்துத் தேடலாம். கோ. சாரங்கபாணி 1935இல் வார இதழாகத் தொடங்கிய 'தமிழ் முரசு'ம் படமாக்கப்பட்டிருக்கிறது. சில இதழ்களை மட்டும் நூலகத்துக்குப் போய்த்தான் பார்க்க முடியும்.

பொருள், இடம், தேதி ஆகியவற்றில் நாளிதழை மிஞ்ச எதுவும் இல்லை. உங்கள் கதாநாயகன் 1936இல் காலாங் விமான நிலையத்தில் வந்து இறங்குகிறானா? இறங்க முடியாது, அது 1937 ஜூனில்தான் திறக்கப்பட்டது. கொலையான ஆள் கடைசியாகக் குதிரைப் பந்தயத்தில் காணப்பட்டார் என்றால், பந்தயத் திடல் 1933லேயே ஃபேரர் பார்க்கிலிருந்து புக்கிட் தீமாவுக்குப் போய்விட்டது. ரேஸ் கோர்ஸ் சாலைப் பக்கத்தில் அவரைத் தேடுவதில் பயன் இல்லை. மின்சார டிராம் 1927இலேயே நின்றுவிட்டது, அதன் இடத்தில் டிராலி பஸ் ஓடியது. மலாயாவிலிருந்து ரயிலில் வருகிறவர் 1932க்குப் பிறகு என்றால் தஞ்சோங் பகார் நிலையத்தில் இறங்குவார், அதற்கு முன் என்றால் டேங்க் ரோட்டில். இவை சின்ன விஷயங்கள்தான். ஆனால் துப்பறியும் கதையில் ஆள் எங்கே, எத்தனை மணிக்கு, எதில் ஏறிப் போனான் என்பதுதானே கதையே!

தமிழ் இதழ்களைப் புரட்டும்போது ஒரு சிக்கல் வரும். பழைய அச்சில் லை, னை, ணா, றா போன்றவை வேறு வடிவத்தில் இருக்கும். தமிழ்நாடு அரசு 1978இலும் சிங்கப்பூர் 1983இலும் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகுதான் இன்றைய வடிவம் பொதுவானது. மங்கிய அச்சும் சேர்ந்துகொள்வதால் பழைய தமிழ்ப் பக்கங்களில் சொல் தேடலை நம்பி உட்காராதீர்கள். எனக்குக் கைகொடுக்கும் முறை இது: முதலில் ஆங்கில நாளிதழில் தேடி, நடந்த சம்பவத்தின் தேதியைப் பிடித்துக்கொள்வேன். பிறகு அதே வாரத்துத் தமிழ் இதழைத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்டுவேன். தேடி வந்த செய்தி இருக்கிறதோ இல்லையோ, அதைச் சுற்றியுள்ள விளம்பரங்களும் வாசகர் கடிதங்களும் சங்கக் கூட்ட அறிவிப்புகளும் கட்டாயம் கிடைக்கும். கதைக்குப் பெரும்பாலும் அவைதான் உதவும். எந்த ஊரார் எந்தத் தெருவில் சங்கம் வைத்திருந்தார்கள், எதைப் பற்றிக் கோபப்பட்டார்கள், கூட்டத்துக்கு யாரை எப்படி அழைத்தார்கள் என்பதெல்லாம் அங்கே இருக்கிறது.

குறிப்பாக அழைக்கும் முறையைக் கவனியுங்கள். 1936இல் சிங்கப்பூரில் ஒரே தமிழ் இல்லை. பெரியார் 1929 கடைசியில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்து போயிருந்தார். சீர்திருத்தக்காரர்கள் வலுவாக இயங்கிய காலம் அது. 1932இல் அவர் 'ஸ்ரீ' முதலிய அடைமொழிகளை விட்டுத் 'தோழர்' என்று அழைக்கச் சொன்னார். அதே தெருவில் எதிர்க்கடையில் 'ஸ்ரீமான்' போட்டுக் கல்யாணப் பத்திரிகை அடிப்பவரும் இருந்திருப்பார். 'வணக்கம்' அப்போது எல்லோருக்கும் பொதுவான முகமன் அல்ல. அதைச் சொல்லும் பாத்திரம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை அந்த ஒரு சொல்லே காட்டிவிடும். நமஸ்காரம் சொல்கிறவர், சலாம் சொல்கிறவர், தோழர் என்று அழைக்கிறவர் மூவரையும் ஒரே அறையில் உட்காரவைத்தால் விளக்கம் எழுதாமலே வாசகருக்கு அரசியல் புரிந்துவிடும்.

நாளிதழின் பெரிய குறை, அதில் பேச்சுத்தமிழ் இல்லை என்பது. ஆங்கில எழுத்தாளருக்கு இந்தத் தொல்லை குறைவு. நம் எழுத்துத்தமிழும் பேச்சுத்தமிழும் வெகுதூரம் பிரிந்து நிற்பவை. 1936இன் தலையங்க நடையை எடுத்துப் பாத்திரத்தின் வாயில் வைத்தால் கூலி லைனில் இருக்கும் தொழிலாளி மேடைப் பேச்சாளர் போலப் பேசுவார். அந்த நடையில் கதைசொல்லலை எழுதுவதும் எனக்குச் சம்மதம் இல்லை. சமஸ்கிருதச் சொற்கள் அடர்ந்த நீள வாக்கியங்களை இரண்டு பக்கத்துக்கு மேல் படிக்க இன்றைய வாசகருக்குப் பொறுமை இருக்காது. கதைசொல்லலை இன்றைய எளிய தமிழில் வைத்துக்கொண்டு, பிற்காலத்துச் சொல்லாக்கங்களை மட்டும் தவிர்ப்பது நல்லது. பேச்சுக்கு வேறு இடம் தேட வேண்டும்.

ஆங்கில நாளிதழிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீதிமன்றச் செய்திகளில் தமிழர்களின் சாட்சியம் நிறைய வரும். துப்பறியும் கதை எழுதுகிறவருக்கு அது தங்கச் சுரங்கம். யாருக்கு யாரோடு தகராறு, எவ்வளவு கடன், எந்தக் கருவி என்று சம்பவம் முழுதாகக் கிடைக்கும். ஆனால் அந்தச் சாட்சியம் மொழிபெயர்ப்பாளர் வழியாக ஆங்கிலமாகி, நிருபர் கையில் சுருங்கி வந்தது. அதைப் பார்த்து அந்தத் தமிழை மீட்டெடுத்துவிட்டோம் என்று நம்பக்கூடாது. நம்மவர்களை அந்தப் பக்கங்கள் 'கிளிங்' என்று குறிப்பிடுவதும் படிக்க வலிக்கும். கிளிங் தெருவைச் சூலியா தெரு என்று 1920களின் தொடக்கத்தில் மாற்றியதற்கு அந்த வலியும் ஒரு காரணம். வெள்ளைக்காரப் பாத்திரத்தின் வாயில் அந்தச் சொல் வரலாம். கதைசொல்லியின் வாயில் வரக்கூடாது.

வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள்

தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979இலிருந்து ஆட்களைப் பேட்டி எடுத்துவருகிறது. தமிழிலும் பேட்டிகள் இருக்கின்றன. தமிழர்கள் ஆங்கிலத்தில் கொடுத்த பேட்டிகளும் இருக்கின்றன. காப்பகத்தின் இணையத்தளத்தில் தலைப்பையோ வட்டாரத்தையோ கொடுத்துத் தேடினால் ஒவ்வொரு பதிவின் சுருக்கமும் கிடைக்கும். சிலவற்றை அங்கேயே கேட்கலாம், சிலவற்றுக்கு எழுத்துவடிவமும் உண்டு. மற்றவற்றுக்கு அனுமதி கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். காப்பகம் ஃபோர்ட் கேனிங் அடிவாரத்தில் இருக்கிறது, நேரில் போவதும் எளிது.

தமிழ்க் கதை எழுதுகிறவருக்கு இவற்றைவிடப் பெரிய செல்வம் இல்லை என்பது என் துணிபு. அச்சில் எங்கும் கிடைக்காத பேச்சு இதில்தான் இருக்கிறது. மலாய்ச் சொல் எந்த இடத்தில் தானாக வந்து விழுகிறது, ஆங்கிலச் சொல்லுக்கு எந்த விகுதி ஒட்டுகிறது, கடினமான ஒன்றைச் சொல்லும் முன் எவ்வளவு நேரம் சுற்றி வளைக்கிறார்கள் என்பதெல்லாம் காதில் ஏறும். கம்பம் (கிராமம்), சடக்கு (சாலை), தவுக்கே (முதலாளி), கித்தா (ரப்பர்), மண்டோர் (மேஸ்திரி) போன்றவற்றை அகராதியிலிருந்து எடுத்து வைத்தால் ஒட்டவைத்தது தெரியும். கேட்டு ஏற்றுக்கொண்டால் எழுதும்போது அவை தாமாகவே தம் இடத்தில் வந்து உட்காரும்.

ஊர்ப் பேச்சும் இங்கேதான் பிரிந்து தெரியும். சிங்கப்பூர்த் தமிழர்கள் ஒரே இடத்திலிருந்து வந்தவர்கள் அல்லர். தஞ்சை, நாகப்பட்டினம், இராமநாதபுரம், செட்டிநாடு, யாழ்ப்பாணம் என்று பல ஊர்க்காரர்கள். கடையநல்லூர் முஸ்லிம்கள் தங்களுக்கென 1941இல் ஒரு சங்கமே அமைத்தார்கள். செட்டியார் வீட்டுப் பையன் அப்பாவை அப்பச்சி என்பான், அம்மாவை ஆத்தா என்பான். யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா பேசமாட்டார், கதைப்பார். கிட்டங்கியில் பெட்டியடி, அடுத்தாள், பேரேடு, ஐந்தொகை என்று தனிச் சொல்லுலகமே உண்டு. இவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பேசும் கதையை எழுதினால், ஒவ்வொரு சொல்லும் சரியாக இருந்தாலும் அது 1936 ஆகாது.

குறை இல்லாமல் இல்லை. பேசுகிறவர் 1980களில் உட்கார்ந்து 1930களை நினைத்துப் பார்க்கிறார். நடுவில் போர், சுயாட்சி, மலேசியா, தனிநாடு எல்லாம் வந்து போயிருக்கின்றன. புதிய தெருப்பெயரையும் பின்னால் கற்ற சொல்லையும் அறியாமலே பழைய நினைவின் மேல் வைத்துவிடுவார். ஆண்டு தவறும், விலை தவறும். ஆகவே தேதிக்கும் விலைக்கும் பதிவை நம்பாதீர்கள். அவற்றை நாளிதழில் சரிபாருங்கள். பேச்சின் ஓட்டம், பயம், உறவு, வீட்டுக்குள் நடந்தவை ஆகியவற்றுக்குப் பதிவை நம்பலாம். இரண்டும் ஒன்றையொன்று திருத்தும் என்பதால்தான் இந்த இரண்டையும் சேர்த்தே செய்யச் சொல்கிறேன்.

ஜப்பானியர் காலத்தில் நடக்கும் கதைக்கு இந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். 1942 பிப்ரவரிக்குப் பிறகு நாளிதழ்கள் ஆட்சியாளரின் குரல்தான். சியோனான் என்று பெயர் மாறிய ஊரில் உண்மையில் என்ன நடந்தது என்பதற்குப் பதிவுகள்தான் முதல் சாட்சி. மரவள்ளிக்கிழங்கு, வாழைமரம் அச்சிட்ட நோட்டு, நள்ளிரவில் கேட்கும் லாரிச் சத்தம் எல்லாம் அங்கே கிடைக்கும். இந்தக் காலத்தை எழுதுகிறவர்கள் அடிக்கடி விட்டுவிடும் ஒன்று கடிகாரம். 1941 செப்டம்பரிலிருந்து சிங்கப்பூர் நேரம் கிரீன்விச்சுக்கு ஏழரை மணி முன்னால் இருந்தது. ஜப்பானியர் வந்ததும் தோக்கியோ நேரம், அதாவது ஒன்பது மணி முன்னால். ஊர் முழுக்கக் கடிகாரம் ஒன்றரை மணி தள்ளிப்போனது. சூரியன் எழுந்தபோது கடிகாரத்தில் ஏறத்தாழ எட்டு மணி. காலை ஏழரைக்கு வேலைக்குக் கிளம்புகிற பெண் இருட்டில்தான் நடந்திருப்பாள். பேய்க்கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? 1945 செப்டம்பரில் ஏழரைக்குத் திரும்பி, 1982இல்தான் இன்றைய எட்டு மணிக் கணக்கு வந்தது.

அகராதிகள்

அகராதியைத் திறந்து பழைய சொல் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஏமாறுவார்கள். அதை வாயிற்காவலனாக வைத்துக்கொள்ளுங்கள், நிறைய வேலை செய்யும்.

மூன்றை வைத்துக்கொண்டால் போதும். 1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதியில் 67,000க்கும் மேற்பட்ட சொற்கள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கதைக்கு அதுதான் துணை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924இலிருந்து 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. ச. வையாபுரிப் பிள்ளை அதை முடித்துக் கொடுத்தார், பின்னர் ஒரு துணைத்தொகுதியும் வந்தது. நம் கதையின் ஆண்டும் அது முடிந்த ஆண்டும் ஒன்றாக இருப்பது நல்வாய்ப்பு. மூன்றாவது, 1992இல் முதலில் வந்த கிரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. முதல் இரண்டையும் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் இலவசமாகத் தேடலாம்.

நான் பயன்படுத்தும் சோதனை இது. சந்தேகம் வரும் சொல் கிரியாவில் இருக்கிறது, லெக்சிகனில் இல்லை என்றால் அதை 1936இன் வாயில் வைக்கத் தயங்குவேன். பேருந்து, மிதிவண்டி, காவல் நிலையம், மருத்துவமனை போன்றவற்றை இந்தச் சந்தேகத்தோடு அணுகினால் பஸ்ஸும் சைக்கிளும் போலீஸ் ஸ்டேஷனும் ஆஸ்பத்திரியும் தாமாகவே வந்துவிடும். தனித்தமிழ் இயக்கம் 1916இல் தொடங்கினாலும் அதன் சொற்கள் தெருவுக்கு வர வெகுகாலம் பிடித்தது. நல்ல தமிழில் எழுத வேண்டும் என்ற நம் ஆசையே இங்கே நம்மைத் தடுக்கி விழவைக்கிறது. பள்ளியிலும் செய்தியிலும் பழகிய சொல் நமக்கு இயல்பானதாகப் படுகிறது, அந்த மனிதருக்கு அது தெரியாது. சோதனை முழுச் சான்று அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். லெக்சிகன் பேச்சு வழக்கை முழுதாகச் சேர்க்கவில்லை.

சிங்கப்பூர்ச் சொற்களுக்கோ இந்த மூன்றும் உதவாது. கம்பம் என்று தேடினால் தூண் வரும். அதற்கு வில்கின்சனின் மலாய் அகராதிதான் வேண்டும். அதன் முதல் பகுதி 1901இல் வந்தது. தெருப்பெயர்களுக்கு இன்னொரு அருமையான ஆவணம் இருக்கிறது. ராயல் ஏசியாட்டிக் சொசைட்டியின் இந்த ஊர்க் கிளை நடத்திய ஆய்விதழில், 1891இல் ஹாட்டன் என்பவர் உள்ளூர்க்காரர்கள் தெருக்களை எப்படி அழைத்தார்கள் என்று பட்டியலிட்டார். தமிழ்ப் பெயர்களும் அதில் உண்டு. கிராஸ் ஸ்திரீட் நம்மவர்களுக்குப் பால்கடைச் சடக்கு. சிராங்கூன் சாலைப் பகுதியைச் சுண்ணாம்புக் கம்பம் என்று அழைத்ததும் நம் வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. கதையில் இப்படி ஒரு பெயரை ஒரே ஒரு முறை, விளக்கம் இல்லாமல், ரிக்‌ஷாக்காரரிடம் பேரம் பேசும்போது வைத்துப் பாருங்கள். பத்து வரி வருணனை தேவைப்படாது.

பணத்துக்கும் இந்தக் கவனம் வேண்டும். தமிழ்நாட்டுப் புத்தகங்களை அதிகம் படித்த பழக்கத்தில் 'ரூபாய், அணா' என்று கை தானாக எழுதிவிடும். அரசாங்கக் கணக்கில் இந்திய ரூபாய் இங்கே இருந்தது 1867க்கு முன்னால். 1936இன் தமிழருக்கு அது வெள்ளியும் (டாலர்) காசும்தான் (சென்ட்).

அந்தக் காலத்தவர்களே எழுதியவை

கதை பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குப் போகிறதென்றால் ஒலிப்பதிவு கிடையாது. பெரியவர்களும் இல்லை. அங்கே நம்மைக் காப்பாற்றுவது சி.கு. மகதூம் சாயபு 1887இல் தொடங்கி நடத்திய 'சிங்கை நேசன்'. அதில் 1888இல் அவர் எழுதிய 'விநோத சம்பாஷணை' முழுக்க உரையாடல். இங்கே எழுதப்பட்ட முதல் தமிழ்ச் சிறுகதை என்று அதைச் சொல்கிறவர்கள் உண்டு. அந்தப் பட்டம் பொருந்துமா என்ற விவாதம் ஆய்வாளர்களுக்கு. நமக்கு முக்கியம், 1880களின் சிங்கப்பூர்த் தமிழர்கள் பேசிக்கொள்வதாக அவர்கள் காலத்தவர் ஒருவரே எழுதிக் காட்டியிருக்கிறார் என்பது. 1893இல் ரங்கசாமி தாசன் குதிரைப் பந்தயத்தைப் பற்றி ஒரு லாவணிப் பாட்டு எழுதினார். அன்றைய ஊரின் கொண்டாட்டத்தைத் தமிழில் கேட்க அது ஒரு சாளரம்.

இவற்றை விக்டோரியா ஸ்திரீட் நூலகக் கட்டடத்தின் லீ கொங் சியான் மேற்கோள் நூலகத்தில் தேடலாம். பதினோராவது தளத்தில் சிங்கப்பூர், தென்கிழக்காசியத் தொகுப்பு இருக்கிறது. நூலகரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள், கதைக்காக என்றே சொல்லுங்கள். நாம் கேட்கத் தெரியாததையும் அவர்கள் எடுத்துத் தருவார்கள்.

அச்சான உரையாடலில் ஒரு வடிகட்டல் உண்டு. எழுதியவர் தம் வாசகருக்கு ஏற்ப மெருகேற்றியிருப்பார். 1931இலிருந்து வந்த தமிழ்ப் பேசும் படங்களுக்கும் இது பொருந்தும். அது நாடக மேடைப் பேச்சு. அதைக் கேட்டுவிட்டு 1930களில் எல்லோரும் அப்படிப் பேசினார்கள் என்று எழுதக்கூடாது.

பெரியவர்களிடம் கேட்பது

1936க்கு இந்த வழி ஏறத்தாழ மூடிவிட்டது. 1960களுக்கும் 70களுக்கும் இதுதான் முதல் வழி, நாளிதழைவிடவும் முந்தையது. கம்பத்திலிருந்து அடுக்குமாடிக்கு மாறிய வீடுகளில் நடக்கும் பேய்க்கதைகள் தமிழில் இன்னும் போதிய அளவு எழுதப்படவில்லை என்பது என் வருத்தம். அந்த மாற்றத்தை உடம்பால் அனுபவித்தவர்கள் நம் பக்கத்து புளோக்கின் கீழ்த்தளத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"அப்போ என்ன வார்த்தை சொல்வீங்க தாத்தா?" என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது. அவர் யோசித்து நமக்குப் பிடித்த பதிலைச் சொல்வார். ஒரு வேலையைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை சொல்லச் சொல்லுங்கள். தண்ணீர் எங்கிருந்து பிடித்தீர்கள், பால்காரர் எத்தனை மணிக்கு வருவார், இரவில் கழிவறைக்குப் போக விளக்கு எது, யார் துணைக்கு வருவார்கள்? சொற்கள் அந்த வேலையோடு சேர்ந்து தாமாக வரும், பயங்களும் வரும். குறிப்பெடுக்கிறேன் என்று முன்னாலேயே சொல்லி அனுமதி வாங்குங்கள். அவர் வீட்டுக் கதையை அடையாளம் தெரியும்படி எழுதாதீர்கள்.

தேதிகளை இங்கேயும் சரிபார்க்க வேண்டும். தைப்பூசத்துக்குப் பொது விடுமுறை இருந்ததாக ஒருவர் சொல்வார், இருந்ததில்லை என்று இன்னொருவர் சாதிப்பார். 1968 வரை இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். கதையின் ஆண்டைப் பொறுத்து இருவர் சொல்வதும் சரியாகலாம். 1965க்குப் பிந்தைய காலத்தின் எழுத்துத்தமிழைப் பார்க்கத் தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தில் 2015இல் இணையமேறிய நூல்கள் போதும். 1965 முதல் அரை நூற்றாண்டுக்குச் சிங்கப்பூர்த் தமிழ் இலக்கியம் அங்கே திரண்டிருக்கிறது.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் என்ன என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். என்னென்ன கேள்விகளைத் தேட வேண்டும் என்று பட்டியல் போட அது உதவும். சாட்சியாக அதை ஏற்க மாட்டேன். நாளிதழ் தேதியோடு வருகிறது, ஒலிப்பதிவு ஒரு மனிதரின் குரலோடு வருகிறது. செயலி சொல்வது நம்பும்படி இருக்கும், எந்தப் பக்கத்தில் இருந்து வந்தது என்று திரும்பிப் போய்ப் பார்க்க முடியாது. திரும்பிப் போய்ப் பார்க்கக்கூடிய இடம் தந்தால், அங்கே போய்ப் பார்த்த பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

தெமாசெக், சோழர், கடல்

இன்னும் பின்னால் போய்க் கற்பனை வரலாறோ மாயப் புனைவோ எழுதுகிறவர்களுக்கு மேலே சொன்ன வரிசை எதுவும் செல்லாது. பதினான்காம் நூற்றாண்டுத் தெமாசெக்கை (சிங்கப்பூரின் பழைய பெயர்) பற்றி மண்ணுக்குள் இருந்து நிறைய கிடைத்திருக்கிறது. 1984இல் ஜான் மிக்சிக் ஃபோர்ட் கேனிங்கில் தொடங்கிய அகழாய்வுகளில் சீனப் பீங்கானும் கண்ணாடி மணிகளும் வந்தன. பாத்திரங்கள் என்ன தொட்டார்கள், எதில் குடித்தார்கள் என்று எழுதலாம். என்ன பேசினார்கள் என்பதற்கு மண்ணில் விடை இல்லை. சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் இருந்த எழுத்துப் பாறையை 1843இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். தேசிய அரும்பொருளகத்தில் மிஞ்சியிருக்கும் துண்டை இன்றுவரை யாரும் உறுதியாகப் படித்துச் சொல்லவில்லை. மாயப் புனைவுக்காரர்களுக்கு அது திறந்த வாசல்.

சோழர் காலக் கடலோடிகளுக்குக் கல்வெட்டுகளே வழி. இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி கடாரம், இலாமுரிதேசம், மாநக்கவாரம் என்று பெயர்களை அடுக்குகிறது. பெயர்களுக்கு அது போதும், வாழ்க்கைக்குப் போதாது. வாழ்க்கை வேண்டுமென்றால் சுமத்ராவின் மேற்குக் கரையில் பாருஸ் பக்கம் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டைப் படியுங்கள். ஐந்நூற்றுவர் வணிகக் குழு வைத்தது. கப்பலின் நாயனும் (தலைவன்) கேவிகளும் (கப்பலாட்கள்) கஸ்தூரியின் விலைக்கு ஏற்பப் பொன்னாகக் கட்டணம் செலுத்திய பிறகுதான் பாவாடையில் (விரித்த துணியில்) கால் வைக்கலாம் என்று அது விதிக்கிறது. துறைமுகத்தில் விரித்த துணி, கட்டணம் வாங்கக் காத்திருக்கும் ஆட்கள், பொன் எடை பார்க்கும் தருணம் எல்லாம் ஒரே விதியில் இருக்கின்றன. மெய்க்கீர்த்தியின் வெற்றிகளைவிட இந்த ஒரு வரியில் ஒரு நாவலுக்கு அதிக இடம் இருக்கிறது.

ஆனால் கல்வெட்டுத் தமிழை உரையாடலாக்க முயலாதீர்கள். அது ஆவண நடை, இன்றைய ஒப்பந்தப் பத்திரத்தைப் பார்த்து வீட்டுப் பேச்சை ஊகிக்க முடியாதது போலத்தான். அந்தக் காலத்துப் பேச்சை மீட்க நமக்கு வழி இல்லை. ஆகவே பாத்திரங்களை எளிய தமிழில் பேசவிட்டு, பதவிப்பெயர், சரக்குப்பெயர், அளவை, துறைமுகப்பெயர் ஆகியவற்றை மட்டும் கல்வெட்டிலிருந்து எடுங்கள். போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் கொண்டுவந்த சொற்களை ஒன்று விடாமல் நீக்குங்கள். லெக்சிகன் பல சொற்களுக்கு எந்த மொழியிலிருந்து வந்தது என்று குறித்திருக்கிறது. எழுதி முடித்த அத்தியாயத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாவி, ஜன்னல், அலமாரி, மேசை என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள், எல்லாம் போர்த்துக்கீசியம் வழியாக வந்தவை. சோழர் கப்பலில் நாயனின் அறைக்கு ஜன்னலும் வேண்டாம், சாவியும் வேண்டாம்.